டி டிரைவை வலப்பக்கம் தள்ளுவது

1

எழுந்தான். பல் தேய்த்தான். கம்ப்யூட்டரை ஆன் செய்தான். பால் காய்ச்சினான். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

இது நான்காவது தொடக்கம். முன்பு எழுதிய மூன்றிலும் அவன் மனைவி இறந்த செய்தி முதல் வரியிலேயே இருந்தது. வாசகர் உடனே முகத்தை மாற்றிக்கொள்கிறார். அதனால் டீ.

(கதை எங்கிருந்து வந்தது? 'சி டிரைவில் இடம் இல்லை' என்று என் கம்ப்யூட்டர் தினமும் சொல்கிறது. அங்கிருந்துதான். 'அவன்' என்று போட்டால் கை ஓடுகிறது.)

2

ஒரே ஹார்ட் டிஸ்க், இரண்டு பாகம். சி டிரைவில் சிஸ்டமும் அவன் சாமான்களும், மூச்சு முட்ட. டி டிரைவ் அவளுடையது, பாதி காலி. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சி-க்குக் கொடுக்க நினைத்தான்.

டி-யைச் சுருக்கினான். காலி இடம் வந்தது, டி-க்கு அந்தப் பக்கம். சி இருப்பது இந்தப் பக்கம். ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும்தான் சி எடுத்துக்கொள்ளும். நடுவில் அவள்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும். முடித்தால் கவிதையாகிவிடும்.)

3

மனைவியின் தங்கை வந்து பார்த்தாள்.

"என்ன அத்தான் இது? சட்டைய இடுப்புல பிடிக்கச் சொன்னா காலரை வெட்டி வெச்சிருக்கீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"டி-ய அப்படியே வலப்பக்கம் தள்ளணும். அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டுட்டேன். ஃபைலுக்கெல்லாம் காப்பி எடுத்தாச்சா?"

"ரெண்டு."

"அப்ப இந்தப் பட்டனை அமுக்குங்க. இது ஆன் ஆகறதுக்குள்ள ஒரு குழந்தை பொறந்து ஸ்கூலுக்கே போயிடும்."

அவன் அமுக்கவில்லை.

"அக்கா ஃபைல் எதுவும் போகாது, அத்தான்."

"தெரியும். வேகமாயிடுமா?"

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடும்."

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

(தங்கை பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவள் இவ்வளவு கலகலப்பாகப் பேசவில்லை. ஆனால் அந்தச் சட்டை ஜோக் அவளுடையதுதான்.)

4

ஒரு முடிவு: அமுக்குகிறான். டி நகர்கிறது, சி விரிகிறது. மறுநாள் பால் பொங்கும் முன்பே திரை தயாராக நிற்கிறது. அவன்

இன்னொன்று: பாதியில் கரண்ட் போகிறது. மலிவு. அடித்துவிட்டேன்.

அல்லது எதையும் தொடாமல், தினமும் அந்த வட்டத்தின் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

பட்டன் இன்னும் திரையில் இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். அன்று காலை கம்ப்யூட்டரை ஆன் செய்தது அவள். வட்டம் சுற்றத் தொடங்கியதும் குளியலறைக்குப் போனாள். தாழ்ப்பாளை உடைத்துத்தான் திறந்தேன். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது திரை தயாராக இருந்தது.

அவள் வாயில் வைக்க அழகான வரிகள் சில எழுதிப் பார்த்தேன். எதுவும் அவள் சொன்னதில்லை. போகும்போது சொன்னது இது:

"இது ஆன் ஆகறதுக்குள்ள நான் குளிச்சிட்டு வந்துடறேன்."