இடது பக்கத்துக் குரல்

வருஷம் முடியப் போகிறது என்றால் ஊரில் எல்லாரும் காலண்டர் தேடி அலைவார்கள். என் வீட்டுக்காரர் பட்டியல் போட உட்கார்ந்துவிடுவார். அந்த வருஷம் வந்த ஆல்பங்களில் தனக்குப் பிடித்த பத்து. சினிமாப் பாட்டுக்கு அதில் இடமில்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டி, வீட்டுக்குள்ளேயே பதிவு செய்து, இணையத்தில் ஏற்றிவிட்டுக் கேட்க ஆள் வராதா என்று காத்திருக்கும் பிள்ளைகளின் ஆல்பங்கள்தான் அவருக்கு உயிர். வாட்ஸ்அப்பில் அதற்கென்றே ஒரு குழு வைத்திருக்கிறார். அவர் பட்டியலில் இடம் கிடைத்தால் கூத்தாடுகிற பாட்டுக்காரர்கள் சென்னையில்கூட இருக்கிறார்களாம். அவரே சொல்லிக்கொள்வதுதான், நான் போய்ப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் பிரதீப்புக்குப் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. விடிவதற்குள் ஜீப்பு ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் நேரம்தான் அவருக்குப் பாட்டு நேரம். காதில் இயர்போனைச் செருகிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் ஜீப்பிலிருந்து விழுந்தாலும் தெரியாது. ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிப்பதுபோல ஆல்பத்தையும் பிரிப்பார். மிகவும் பிடித்துவிட்டால், "ரேணு, இது எட்டு எம்.எம். காய்" என்பார். இல்லாவிட்டால் ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார்.

இந்த வருஷப் பட்டியலை எனக்குப் படித்துக் காட்டியபோதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. முதலிடம் 'கரம்பை மண்'. முழுக்கப் பறையும் உறுமியும். அடுத்தது 'ஏழரை மணி டவுன் பஸ்'. அதிலும் மத்தளம் போட்டு மொத்துகிறார்கள்.

"என்ன, எல்லாம் ஒரே இடியும் முழக்கமுமா இருக்கு? போன வருசம் புல்லாங்குழலு புல்லாங்குழலுன்னு உசுர விட்டீங்களே?" என்றேன்.

"வயசு ஏற ஏற ருசி மாறும்ல" என்றார்.

நாற்பதைத் தொடாத ஆள். நானும் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

பத்தாவது இடத்தில் இருந்தது கார்த்திகாவின் ஆல்பம். கார்த்திகா என் சித்தி மகள். ராசிங்காபுரத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து இவர் அனுப்பிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. அறை முழுக்கப் போர்வையைத் தொங்கவிட்டு, தெரு அடங்கும் வரை காத்திருந்து, ஒரு வருஷமாகப் பாடிச் சேர்த்த ஆல்பம். பெயர் 'மேலயும் கீழயும்'. யார் பாராட்டினாலும் அவள் காதில் ஏறவில்லை. மாமா என்ன சொல்கிறார் என்பதுதான் அவளுக்கு வேண்டும்.

மாமா குழுவில் எழுதியது இதுதான்: 'பாதி நேரம் பாட்டே இல்லை. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறது. நல்ல குரல், ஆனால் வெறும் குரல். பத்தாவது இடமும் சொந்தக்காரப் பிள்ளை என்பதற்காகத்தான்.'

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் உலகமே பார்க்கும் இடத்தில் பிள்ளையை இப்படியா மட்டம் தட்டுவது என்று கேட்டேன். "நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான சொல்ல முடியும்?" என்று பதில் வந்தது. பாட்டு விஷயத்தில் மட்டும் அந்த ஆள் வளைந்து கொடுக்கமாட்டார். அந்த நேர்மைக்காகத்தான் அத்தனை பேர் அவர் பட்டியலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கார்த்திகா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கண் வீங்கியிருந்தது. உட்காரக்கூட இல்லை.

"மாமா, பிடிக்கலன்னா விடுங்க. ஆனா பாதி நேரம் பாட்டே இல்லைன்னு எப்படி எழுதுனீங்க? பதில் பாட்டைக் கேக்கவே இல்லையா?"

"என்ன பதில் பாட்டு?"

"ரெண்டு அக்கா தங்கச்சி மாமா. கீழ போடியில இருக்கிறவ வலது காதுல கேப்பா. தோட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போனவ மேல இருந்து இடது காதுல பதில் சொல்லுவா. ஆல்பமே அதுதானே?"

நான் சட்டென்று இயர்போனை வாங்கி மாட்டிப் பார்த்தேன். வலது காதில் ஒரு குரல், 'மழை விட்டுச்சாடி அங்க?' என்றது. இடது காதில் அதைவிட மெல்லிய குரல் ஒன்று, யாரோ தூங்குகிறார்கள் என்று பயந்து பாடுவதைப்போல, 'விடல, விட்டா வருவேன்' என்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே.

கார்த்திகா என்னிடமிருந்து வாங்கி, இடது பக்கத்தை மட்டும் அவருடைய இடது காதில் வைத்தாள். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ம், போடு புள்ள" என்றார்.

"ஓடிட்டுத்தான் இருக்கு மாமா."

அவர் முகத்தில் அப்போதும் பெரிய மாற்றம் இல்லை. மூக்கைப் பொத்தி ஒரு தடவை ஊதினார். எச்சிலை விழுங்கினார். "மலை இறங்குனதுல காது அடைச்சிருக்கு. கொஞ்ச நேரத்துல விட்டுரும்" என்றார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க. நீங்க மலைக்கே போகல" என்றேன்.

மலை ஏறி இறங்குகிறவர்களுக்குக் காது அடைப்பது ஒரு விஷயமே இல்லை. ஜீப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் அடைக்கும். ஒருவர் கொட்டாவி விடுவார், ஒருவர் மூக்கைப் பொத்தி ஊதுவார், அடிவாரம் வரும்போது பொட்டென்று விட்டுவிடும். ஐப்பசி மழையில் இவருக்கு ஒரு சளி பிடித்தது. மறுநாள் காலையில் எழுந்தபோதே இடது காது அடைத்திருக்கிறது என்றார். முந்தின நாள் மலை இறங்கும்போது அடைத்தது, சளியோடு சேர்ந்து அப்படியே நின்றுவிட்டது என்று நினைத்தோம். ஜீப்பு ஓட்டும் கோட்டைச்சாமி அண்ணன், "பபிள்கம் மெல்லு மாப்ளே, தன்னால விடும்" என்றார். நான் பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி ஒத்தடம் கொடுத்தேன். தினமும் ஏறினார், தினமும் இறங்கினார். தினமும் அடைக்கிற காதில் எந்த அடைப்பு விட்டது, எது விடவில்லை என்று யார் கண்டது? உறுமியின் அதிர்வு மட்டும் அந்தக் காதில் மிச்சம் இருந்திருக்கிறது. அதனால் காது இருக்கிறது என்றே நம்பியிருக்கிறார்.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்லி, கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். வெளியிலிருந்து நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காதுக்கு டக் டக்கென்று அமுக்கியவர், இடது காதுக்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா நிதானமாகத்தான் பேசினார். "இது அடைப்பு இல்லைங்க. உள்ள கேக்குற நரம்பு போயிருக்கு. சிலருக்கு ஒரே ராத்திரியில இப்படி ஆகும். உடனே வந்திருந்தா, ஒரு ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தாக்கூட, மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்."

"இப்பக் குடுங்க மேடம்" என்றேன்.

"இவ்வளவு நாள் கழிச்சுக் குடுத்துப் பிரயோசனம் இல்லைம்மா. மிஷின் வச்சா சத்தம் கூடும். பாட்டுக் கேக்குற தெளிவு வராது."

யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டைச்சாமி அண்ணன் நல்ல மனசோடு சொன்னார். நானும் நல்ல மனசோடுதான் எண்ணெய் காய்ச்சினேன். ஒருத்தராவது கெட்ட மனசோடு இருந்திருந்தால் பிடித்துத் திட்டித் தீர்த்திருப்பேன். பஸ் ஆண்டிப்பட்டி தாண்டும்போது அவர், "எத்தனை பிள்ளைக பாட்டை இப்படிப் பாதி கேட்டு எழுதுனேனோ" என்றார். அவர் காதுக்காக அழாமல் அதற்காக அழுதார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்றைக்கே குழுவில் எழுதினார். இந்த வருஷப் பட்டியல் செல்லாது, ஒரு காது இல்லாமல் போட்டது, எல்லாரும் மன்னிக்கணும். ஆறுதல் சொல்லி நிறையப் பேர் கை கூப்பும் பொம்மை அனுப்பினார்கள். 'கரம்பை மண்' பாடிய பையன் மட்டும், 'அப்ப என் முதலிடம் போச்சாண்ணே?' என்று கேட்டிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? இவர் பதில் எழுத ஆரம்பித்து, அழித்து, கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கார்த்திகா வந்து, இரண்டு பக்கச் சத்தமும் ஒரே காதில் விழுகிற மாதிரி போனில் ஏதோ மாற்றிக் கொடுத்தாள். "வருது புள்ள, வருது!" என்று அவர் துள்ளிய துள்ளலில் எனக்கு உயிர் வந்தது. இரண்டு பாட்டு ஓடியிருக்கும். முகம் மெதுவாக வாடியது.

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கிறாளுக. யாரு கேக்குறா, யாரு சொல்றான்னே பிடிபடல. ரெண்டும் ஒரே கொரலு மாதிரி இருக்கு."

கார்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டுமே நான் பாடுனதுதான் மாமா. வேற யாரும் கிடைக்கல. பக்கத்தை வச்சுத்தான் ஆளைப் பிரிச்சேன்."

அவர் போனைப் பழையபடி மாற்றச் சொன்னார். இயர்போனில் வலது பக்கத்தைத் தன் வலது காதில் வைத்துக்கொண்டு, இடது பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ மேல இருக்கிறவ. அவ சொல்றத எனக்குச் சொல்லு."

ஒட்டி உட்கார்ந்தேன். அவர் காதில் கேள்வி ஓடும்போது எனக்கு நிசப்தம். அது முடிந்ததும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். எனக்குப் பதில் வரும். "விடல, விட்டா வருவேங்கிறா" என்பேன். "காய் பறிச்சு வெரலெல்லாம் கறையாம்" என்பேன். சந்தையில் விலை சொல்வதுபோல இருந்தது என் குரல். அந்தப் பிள்ளை அதை எப்படி இழுத்தாள், எங்கே உடைந்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

கடைசிப் பாட்டில் கேள்வி சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். என் காதில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. வெறும் குரல்தான், மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது.

"என்ன சொல்றா?" என்றார்.

"ஒண்ணும் சொல்லலைங்க. பாடுறா."

"எப்படிப் பாடுறா?"

வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவள் பாடி முடிக்கிற வரைக்கும் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.