மூன்றாம் எண் துப்புகிறது

ஓபா தெய்ஜியின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது குதிரைக் கொம்பு. பிளாஸ்டிக்கில் விமானம், பீரங்கி வண்டி என்று குட்டி மாடல் கட்டுகிறவர்களுக்கான மாத இதழில், அவற்றுக்குக் காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்களை இருபது வருடமாக ஒப்பிட்டு எழுதுகிறார். அவர் "வாங்கலாம்" என்று எழுதினால் எங்கள் ஷிஸுவோகாவில் மட்டுமல்ல, வடக்கே ஹொக்காய்டோ வரை ஒரே வாரத்தில் கடைகளில் சரக்கு தீர்ந்துவிடும். "வேண்டாம்" என்று எழுதிவிட்டால், செய்தவர் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த ஜூன் ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் மூன்று ஏர்பிரஷ்கள் இருந்தன. இரண்டு பெரிய கம்பெனிச் சரக்கு. மூன்றாவது என்னுடையது. நான் வாஷிஸு மிசாவோ. தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம், பெயிண்ட் வெளிவரும் முனையான நாசிலைக் கடைந்துவிட்டு, போன வருடம்தான் வேலையை உதறி என் வீட்டுக் கார் கொட்டகையில் லேத் போட்டேன். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது வராது. தலைமுடி நுழையும் ஓட்டையை என்னைவிட வட்டமாகப் போடும் ஆள் இந்த ஊரில் கிடையாது.

சோதனை ஒரு மாடல் கடையின் மாடியில் நடந்தது. எங்கள் ஊர் மாடல் கிளப்பின் தலைவி கட்சுமாட்டா கைப்பிடிகளில் டேப் சுற்றி எண் மட்டும் போட்டிருந்தார். எது யாருடையது என்று ஓபாவுக்குத் தெரியாது. செய்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கலாம். முடியும்வரை வாயைத் திறந்தால் மதிப்பெண் கிடையாது.

முதலாம் எண் பீரங்கி வண்டிக்குப் பச்சை அடிக்க லாயக்கானது. சீராக, அகலமாக அடித்தது. மெல்லிய கோடு கேட்டால் மட்டும் திணறியது. இரண்டாம் எண் நல்ல கோடு போட்டது, ஆனால் அதன் விசை முரடு.

"பத்து நிமிஷம் புடிச்சா விரல் செத்துரும்," என்றார் ஓபா.

மூன்றாம் எண்ணை எடுத்து, பிளாஸ்டிக் கரண்டி ஒன்றின் முதுகில் சாம்பல் நிறக் கோடு இழுத்தார். பூனை மீசை மாதிரி விழுந்தது. கரண்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் கொட்டுமேளம்.

அடுத்தது நிறம் மாற்றுவது. எங்கள் ஆட்கள் அதற்கு ஏர்பிரஷைக் கொப்பளிக்க வைப்பார்கள். முன்மூடியை அரைத் திருகு தளர்த்தி, கிண்ணத்தில் தின்னர் ஊற்றி விசையை இழுத்தால் காற்று பின்னால் திரும்பி, தின்னர் களகளவென்று குமிழியிட்டுப் பழைய நிறத்தைக் கழுவும். பிறகு மூடியை இறுக்கிவிட வேண்டும். ஓபா கொப்பளிக்க வைத்தார், துடைத்தார், இறுக்கினார், கரும்பச்சை ஊற்றிக் கிண்ணத்தை மூடினார். விமான இறக்கையில் புள்ளி வைக்கப் போனார்.

துப்பியது. கொசுக்கடி மாதிரி இறக்கை முழுக்கத் தெறித்தது.

"வெத்தலை போட்ட கிழவன் மாதிரில்ல துப்புது!" என்றார். "நாசில் சரியில்ல. எழுதிக்கோங்க, வேண்டாம்."

நாசில் சரியில்லையாம்! என் காது மடல் கொதித்தது. அவர் கையையே பார்த்தேன். முன்மூடிக்கும் ஏர்பிரஷின் உடம்புக்கும் நடுவே நூலளவு இடைவெளி பளபளத்தது. மனிதர் இறுக்கவே இல்லை. பேசினால் மதிப்பெண் போகும், பேசாவிட்டால் பெயர் போகும். நான் எழுந்துவிட்டேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஓபா சான், மூடியை இறுக்குனீங்களா நீங்க?"

'சான்' என்று மரியாதை சேர்த்தாலும், எங்கள் ஊரில் பெரியவர்களிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

"முப்பது வருஷமா கொப்பளிக்க வைக்கறேன்மா," என்றார் ஓபா நிதானமாக. "இறுக்காம விடுவேனா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு."

"குனிஞ்சு பாருங்க!"

பார்த்தார். முகம் சிவந்தது. மூடியைத் திருகினார். அது இன்னும் கால் சுற்று போனது. மறுபடி அடித்தார். ஒரு துளி தெறிக்கவில்லை. நான் கை கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் மனிதர் விடவில்லை. "நான் இறுக்கத்தான் செஞ்சேன். விரல்ல நின்னுச்சு. கட்சுமாட்டா சான், நீங்க எல்லாரும் ஒரு தரம் செஞ்சு பாருங்க."

கிளப் ஆட்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு தரம் தளர்த்தி இறுக்கினார்கள். மூன்று பேர் கையில் அதே நூலளவு இடைவெளி. ஒருவர் நாற்பது வருட அனுபவஸ்தர்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. காற்று ஒழுகக் கூடாது என்று மூடிக்குள் மெத்தென்ற ரப்பர் வளையம் வைத்திருந்தேன். அது என் சொந்த யோசனை, ரொம்பப் பெருமையும் பட்டிருந்தேன். விரல் அந்த ரப்பரில் முட்டியதும், இறுகிவிட்டது என்று நின்றுவிடுகிறது. இன்னும் கால் சுற்று பாக்கி இருப்பது செய்தவளுக்கு மட்டும் தெரியும். வெட்கத்தில் என் கழுத்து வரை சுட்டது.

ஓபா தொண்டையைக் கனைத்தார். "தப்பு என் மேலயும் இருக்கு. இந்த மாதிரிக் கோடு நான் பாத்ததில்ல. கட்சுமாட்டா சான், இன்னிக்கு யாரும் வாயைத் திறக்கல, சரியா? வாங்கலாம்னு எழுதிடறேன்."

கட்சுமாட்டா கூரையைப் பார்த்தார். அதுவே சம்மதம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வேலையை விட்டிருந்தேன்.

"வேணாம்," என்றேன்.

"என்னது?"

"உங்க கையிலயே துப்புனா வாங்குறவன் கையில துப்பாதா? அவன் மூணு மாசம் ஒட்டுன விமானம்ல பாழாகும்? துப்புதுன்னே எழுதுங்க. எம் பேரையும் போடுங்க."

"தொழில் படுத்துரும்மா."

"படுக்காது. கெட்டது மூடிதான். நாசில் நாசில்தான்."

ஓபா முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாளே செய்து வைத்திருந்த நாற்பத்தெட்டு மூடிகளிலும் ரப்பரைப் பிடுங்கி எறிந்தேன். பித்தளையில் பித்தளை முட்டி நிற்கும்படி ஒவ்வொன்றையும் திரும்பக் கடையத் தொடங்கினேன்.

இதழ் ஜூலையில் வந்தது. "மூன்றாம் எண், செய்தவர் வாஷிஸு மிசாவோ. கோட்டில் முதலிடம். மூடி சரியாக இறுகாமல் துப்புகிறது. இப்போதைக்கு வாங்க வேண்டாம்." படித்தபோது வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அன்று காலை பத்து மணிக்கு ஹொக்காய்டோவின் ஸப்போரோவிலிருந்து ஒரு கடைக்காரர் போனில் கூப்பிட்டார்.

"ஓபா சான் இருவது வருஷமா 'வாங்கலாம்', இல்லேன்னா 'வேண்டாம்'னுதான் எழுதுவாரு. 'இப்போதைக்கு'ன்னு எழுதி நான் பாத்ததே இல்ல. எதுவரைக்கும்மா அது?"

லேத் பக்கத்தில் கடைய பாக்கியிருந்த மூடிகளை எண்ணினேன். "ஆகஸ்ட் பத்து வரைக்கும்," என்றேன்.