தூக்கம் பிடித்த கரி

மொரப்பூர் ராமக்காள் வீட்டுக் கரித்தொட்டி சித்திரை மாதத்திலிருந்து குறட்டை விட்டது. போர்வெல் தண்ணீர் நாற்றமடிக்கிறது என்று மணலும் கொட்டாங்குச்சிக் கரியும் அடுக்கி அவள் மகன் மதியழகன் செய்துகொடுத்த தொட்டி. மாசியில் ரயிலை விட்டிறங்கி பைக்கில் வரும் வழியில் லாரி மோதி அவன் செத்துப்போனான். அதற்குப் பிறகு ராமக்காளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. துக்கம் என்றார் டாக்டர். துக்கம் குறட்டை விடாது என்றாள் ராமக்காள். குடிக்கிற தண்ணீரில் இருந்த அவள் தூக்கத்தைக் கரி பிடித்துவைத்துக்கொண்டது என்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. மகன் செய்ததைக் கொட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பார்ப்பவர்களுக்குக் கால் வலித்தது.

எதிர்வீட்டு வெண்மதி அரூரில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துபவள். எதைக் கேட்டாலும் ஆதியிலிருந்து ஆரம்பிப்பாள். கரி ஒரு கரைசலின் நிறத்தை எடுப்பதைக் கண்ட பழைய ஆட்கள், அழுக்கு அதில் எரிந்துபோகிறது என்று நினைத்தார்களாம். அப்படியானால் தன் தூக்கம் சாம்பல்தான் என்று ராமக்காள் அன்று சோறு தின்னவில்லை. அடுத்து வந்தவர்கள், எரிவதில்லை, பரப்பில் ஒட்டுகிறது, பஸ் சீட்டு மாதிரி இடத்துக்கு ஒன்று, நிறைந்தால் நின்றுவிடும் என்றார்கள். நிறையட்டும் என்று ஆடி வரை காத்திருந்தாள். குறட்டைதான் பெருத்தது. அதற்கும் ஒரு தியரி இருந்தது: உட்கார்ந்தவர் மடியில் இன்னொருவர், அவர் மடியில் வேறொருவர், போதாததற்குக் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள். இருநூறு வருஷமாகப் படித்தவர்கள் சண்டை போட்டு என்ன, ஒரு பொம்பளை தூங்க வழியில்லை.

“எறக்கி வுட வழியே இல்லீங்களா டீச்சர்?”

“இருக்குதுங்கக்கா. கரி இழுக்குறது பாதி, தண்ணி தள்ளுறது பாதி. தண்ணியோட ஒட்டாதது வேற ஏதாச்சும் வந்தா, கரி அதைப் புடிச்சிக்கிட்டு முன்னால இருந்ததை வுட்டுரும். ஆனா புதுசாப் போனது திரும்ப வராதுங்க.”

ராமக்காளிடம் எதிலும் ஒட்டாதது ஒன்றே ஒன்று இருந்தது. ரயிலை விட்டிறங்கியதும் மகன் கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். விடிந்தால் அதைத்தான் கேட்பாள். கொடுக்க முடியாது என்று போனை மடியில் முடிந்துகொண்டு திரிந்தாள். தலை சுற்றிக் கிணற்றுக்குள் விழப்போன அன்றுதான், குடத்தின் வாயில் போனைக் கவிழ்த்து ஒலிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். போனில் மெசேஜ் இருந்தது, குரல் இல்லை. தொட்டியின் அடிக்குழாயில் இறங்கிய தண்ணீரை ஒரு சொம்பு குடித்தவள் அங்கேயே ஈரத்தரையில் சுருண்டு தூங்கினாள். அதைப் பார்த்துத் தெருவே அழுதது.

குறட்டை அத்தோடு நின்றுவிட்டது. இப்போதெல்லாம் சாயங்கால ரயில் மொரப்பூரில் நின்றதும் தொட்டி, “யம்மா, எறங்கிட்டேன், சோறு ஆக்கு” என்கிறது. ரயில் லேட் என்றால் அதுவும் லேட். ஸ்டேஷனுக்கு ஆளைக் கூட்டிவரப் போகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். ராமக்காள் கொட்டாவி விட்டபடி எழுந்து, ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போடுகிறாள்.