மெலிசான குழாய்

"அப்பா, வித்த பெறகும் அது நம்ம மிஷினா?"

பவதாரணிக்கு அப்போது ஆறு வயது. போடியில் அப்பாவின் பட்டறை வாசலில் நின்று, லாரியில் ஏறிப் போகும் ஏலக்காய் டிரையரைப் பார்த்துக் கேட்டாள்.

"வாங்குனவுக மிஷினு கண்ணு."

"பின்ன ஏன் அதுல நம்ம பேரு இருக்கு?"

அடுத்த லோடு காத்துக்கொண்டிருந்தது. அப்பா கண்ணுச்சாமி அதை ஏற்ற உள்ளே போய்விட்டார்.

அவள் இன்று பெங்களூரில் கண் மருத்துவர். கண்ணுச்சாமிக்கு வயது அறுபத்தாறு. ஈரக்காயைச் சூடான காற்றில் காயவைக்கும் அந்த டிரையர்களை முப்பத்தைந்து வருடங்களாகச் செய்து மலைக்கு அனுப்பியவர், இப்போது பட்டறையையே விற்கத் தீர்மானித்திருந்தார். ஏற்று நடத்த வீட்டில் ஆளில்லை. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள், ஒன்பது தொழிலாளிகள் தெருவில் நிற்பார்கள். அதற்கு முன் நல்ல கையில் ஒப்படைத்துவிட வேண்டும். தினமும் விளக்கேற்றும்போது அவர் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான்.

விற்றுத்தர கோயம்புத்தூரிலிருந்து ராம்பிரசாத் வந்தார். தொழிற்சாலைகளை வாங்கவும் விற்கவும் மட்டுமே இடையில் நிற்பவர்.

"கம்பெனி விக்கிறதுக்குன்னே ஒரு புரோக்கரா?" என்றார் வெல்டர் மொக்கையன். "நான் மாட்டுப் புரோக்கரு, கல்யாணப் புரோக்கருதேன் பாத்திருக்கேன்."

"அவரு ஆடிட்டருப்பா" என்று சமாளித்தார் கண்ணுச்சாமி.

"ஆடிட்டரு எதுக்குண்ணே மிஷினு பல்லைப் புடிச்சுப் பாக்குறாரு? சும்மா சொல்லுங்க. டீக்கடையில வெலையே பேசி முடிச்சிட்டாய்ங்க."

விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று ராம்பிரசாத் மூன்று தடவை சொல்லியிருந்தார். போடியில் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கண்ணுச்சாமி ஒன்பது பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். "உங்க சோலி போகாது. அதை எழுதி வாங்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வாங்க முன்வந்தவர் பானுப்பிரியா, கோவையில் தேயிலை இயந்திரங்கள் செய்பவர். பத்து வருட பில்களை அவர் கேட்டிருந்ததால், கண்ணுச்சாமி பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அப்படி எடுத்ததில்தான் அந்த ஒரு பில் கையில் சிக்கியது.

டிரையருக்குள் விறகுப் புகை போய்ச் சூடேற்றும் குழாய்களை அவர்கள் எப்போதும் எடைக்குத்தான் வாங்குவார்கள். ஒரு டன் குழாயை வெட்டினால் அறுபது துண்டு வரும். எட்டு வருடத்துக்கு முன் ஒரு தடவை தொண்ணூறு துண்டு வந்தது. பட்டறையே குதித்தது. சீசன் நெருக்கடியில் யாரும் தடிமனை அளக்கவில்லை. மொக்கையன் ஸ்பானரால் தட்டிப் பார்த்து "நல்லாத்தேன் இருக்கு" என்றார். கண்ணுச்சாமி சுப்பிரமணிய சுவாமி கோயிலில் தேங்காய் உடைத்தார்.

அதே எடைக்கு அத்தனை துண்டு எப்படி வரும்? குழாய் மெலிசாக இருந்தால்தான் வரும். எட்டு வருடம் கழித்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு அது உறைத்தது. மிஷினுக்கு எட்டுத் துண்டு. பதினோரு மிஷின். மெலிசான குழாய் இதற்குள் வெந்து விரிசல் விட்டிருக்கும். புகை காயோடு கலக்கும். புகை வாடை அடிக்கும் காயை ஏலத்தில் யாரும் நல்ல விலைக்குக் கேட்க மாட்டார்கள்.

"யாராவது புகார் சொன்னாங்களா?" என்று கேட்டார் ராம்பிரசாத்.

"இல்ல."

"அப்புறம் என்னங்க? புகை வந்தா விறகு ஈரம்னு நினைச்சுக்குவாங்க."

"அதைத்தேன் சொல்றேன். அவுக தப்புன்னு அவுகளே நெனச்சுக்கிட்டு இருப்பாக."

"சார், நான் இருபது கம்பெனி வித்துக் கொடுத்திருக்கேன். வாங்குறவங்க கேட்காத குறையை நாமளா சொன்னா, அடுத்த நிமிசம் விலையைக் குறைப்பாங்க, இல்லைனா எந்திரிச்சுப் போயிருவாங்க. அவங்க போயிட்டா இந்த ஒன்பது பேருக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

கண்ணுச்சாமி எழுந்து போய், மிஷின் வாங்கியவர்களின் பெயர் எழுதிய நோட்டை எடுத்துவந்தார்.

"பதினோரு பேரு. எழுதிக்கங்க."

"நான் எழுத மாட்டேங்க."

"அப்ப நான் எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், அந்தம்மாவால படிக்க முடியாது."

ராம்பிரசாத் சிரித்துவிட்டார். மடிக்கணினியை இழுத்து, பதினோரு பெயர்களையும் எஸ்டேட்டோடு சேர்த்து அவரே அடித்தார். அவருடைய தரகுத் தொகையும் அந்தப் பட்டியலோடு குறையும் என்பது அவருக்குத் தெரியும். மனிதர்கள் நல்லது செய்யும்போது பெரும்பாலும் இப்படித்தான், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் செய்கிறார்கள்.

பானுப்பிரியா பட்டியலை இரண்டு தடவை படித்தார்.

"நீங்க சொல்லலைனா எனக்கு இது தெரியவே வந்திருக்காது."

"தெரியாதும்மா."

"யாரு மாத்திக் கொடுப்பா?"

"நான்தேன். என் செலவு. கையெழுத்துக்கு முன்னாடி."

"ஆகஸ்ட்ல காய் எடுக்க ஆரம்பிச்சிருவாங்க. எனக்கு இருபத்தஞ்சு நாள்தான் பொறுக்க முடியும். பதினொண்ணுல ஒண்ணு பாக்கி இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்."

"ஒண்ணு பாக்கி இருந்தா நானும் விக்க மாட்டேன்" என்றார் கண்ணுச்சாமி.

பட்டறையில் மொக்கையன் இந்தத் தடவை அளவுகோலை வைத்து ஒவ்வொரு புதுக் குழாயையும் அளந்தார். "என் காதை நம்பித்தேன இம்புட்டும். இனிமே காது சாமி பாட்டுக் கேக்க மட்டுந்தேன்" என்றார். மழையில் ஜீப்பு மலை ஏறியது, இறங்கியது. பழைய குழாய்களைக் கழற்றியபோது ஏழு மிஷினில் விரிசல் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கண்ணுச்சாமி தன் தவறைத் தானே சொன்னார். இரண்டு பேர் திட்டினார்கள். மற்றவர்கள் காப்பி கொடுத்தார்கள். திட்டியவர்களில் ஒருவரும் பிறகு கொடுத்தார்.

இருபத்துமூன்றாம் நாள் கடைசி மிஷின். போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஒச்சம்மாளின் தோட்டம். கண்ணுச்சாமி சொன்னதை ஒச்சம்மாள் திரும்பக் கேட்டார்.

"கொழாயா? கொழாய்லயா புகை வந்துச்சு?"

"ஆமா ஆத்தா. என் தப்பு."

"நான் ராக்கையாவையில்ல வெரட்டி விட்டேன். பதினஞ்சு வருசம் இந்தத் தோட்டத்துல தீ போட்டவன். குடிச்சிட்டுத் தூங்கி காயைப் புகைய விட்டான்னு ஊரு பூராச் சொன்னேன். இல்ல ஆத்தா, இல்ல ஆத்தான்னு அழுதான். அவன் போன பெறகும் புகைஞ்சுச்சு, வெறகு ஈரம்னு நெனச்சுக்கிட்டேன்."

இரண்டு சீசனாக ராக்கையாவுக்கு எந்த எஸ்டேட்டிலும் தீ போடும் வேலை இல்லை. போடிமெட்டில் ஜீப்புகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். 'புகை' என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள்.

மொக்கையனிடம் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு கண்ணுச்சாமி நேராக போடிமெட்டுக்குப் போனார். ஜீப்பு நிற்கும் இடத்தில் ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். ராக்கையா தோளில் மூட்டையோடு திரும்பினார்.

"ராக்கையா, காயைப் புகைய விட்டது நீ இல்ல. நான் போட்ட குழாய் ஓட்டை."

ராக்கையா மூட்டையை இறக்கவில்லை.

"என்னண்ணே சொன்னீக? மழையில கேக்கல. சத்தமாச் சொல்லுங்க. இந்தப் பயலுக காதுல விழட்டும்."

கண்ணுச்சாமி சத்தமாகச் சொன்னார். பிறகு இன்னொரு தடவையும் சொன்னார். டிரைவர்களில் ஒருவன் மெதுவாக வந்து ராக்கையாவின் தோளிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டான்.

"உனக்கு நான் என்ன குடுக்கணும், சொல்லு."

"காசா? வேணாம்ணே. ரெண்டு வருசத்துக்கு என்ன வெலைன்னு எனக்கே தெரியல, உங்களுக்கு எங்க தெரியப் போவுது?" என்றார் ராக்கையா. "ஆத்தா வந்து கூப்பிட்டா தீ போட வர்றேன். அம்புட்டுத்தேன்."

ஒச்சம்மாள் அன்று சாயங்காலமே நடந்து போய்க் கூப்பிட்டார்.

இருபத்தைந்தாம் நாள் கையெழுத்தானது. பானுப்பிரியா விலையில் கொஞ்சம் குறைத்தார். ஒன்பது பேரின் வேலையை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார். கண்ணுச்சாமி சாவியை மேசைமேல் வைத்தார். சாமியிடம் அவர் கேட்டது கிடைத்துவிட்டது. இனி எந்த மிஷினுக்கும் அவர் பொறுப்பில்லை என்று காகிதத்தில் தெளிவாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒச்சம்மாள் ராசிங்காபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். ராக்கையா மறுநாள்தான் வேலைக்கு வருவதாக இருந்தது. கண்ணுச்சாமி காலையில் தனியாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு மேலே அவர் தோட்டத்துக்குப் போனார். பின்னால் ஆறு தகர ஷீட்டும் ஓர் ஏணியும் இருந்தன.

டிரையர் இருக்கும் கட்டடத்தை ஒட்டி, தீ போடுகிறவர் தங்கும் சின்ன அறை. இரண்டு வருடம் ஆளில்லாமல் கூரை துருப்பிடித்து, தரையெல்லாம் ஈரமாகக் கிடந்தது. பழைய தகரத்தை அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். புதியதைப் பொருத்தி திருகாணிகளை முறுக்கினார். வயதான கை, மத்தியானம் ஆகிவிட்டது. தரையைப் பெருக்கினார். ஒழுகிய இடத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலைச் சுவர் ஓரமாக, காய்ந்த பக்கம் நகர்த்திப் போட்டார்.

அவர் ஏணியை ஜீப்பில் ஏற்றும்போது மழை வந்தது. உள்ளே போய் ஒரு நிமிடம் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போனார்.