ஆறாவதா, எட்டாவதா

மெலூசியை பேட்டிங்கில் எந்த இடத்தில் இறக்குவது என்று கேப்டனான எனக்கும் கோச் கோல்மனுக்கும் அந்த சீசன் முழுக்கத் தகராறு. இருபது வயசுப் பையன். வேகப்பந்து போடுவான், மட்டையும் நன்றாகப் பிடிப்பான். "பத்து ஓவர் போடுறவனை எட்டாவதா இறக்கு, போதும்" என்பார் கோல்மன். எனக்கு அவன் ஆறாவது ஆள் என்றுதான் தோன்றும்.

ஹராரேவுடன் நடந்த கடைசி லீக் ஆட்டத்துக்குத் தேசிய அணித் தேர்வாளர் மபேனா எங்கள் ஊரான புலவாயோவுக்கு வந்தார். ஜெயித்தால் நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போவோம். அவருக்கு அது முக்கியமில்லை. "நமீபியா டூருக்கு ஒரு ஆல்ரவுண்டர் வேணும். ஆறாவதா வந்து வெளுக்கணும். உங்க பையன் வெளுப்பானா?" என்று காலையிலேயே கேட்டார். கோல்மன் என்னைப் பார்த்தார். "இன்னிக்கு அவன்தான் ஆறாவது" என்று நான் சொல்லிவிட்டேன்.

பந்துவீச்சில் மெலூசி குறை வைக்கவில்லை. இரண்டு விக்கெட், ரன்னும் சிக்கனம். ஹராரே 231 எடுத்தது. நாங்கள் 118 ரன்னில் நான்கு விக்கெட்டைப் பறிகொடுத்தபோது ஒரு முனையில் நான் நின்றிருந்தேன். மறுமுனைக்கு மெலூசி வந்தான்.

மூன்றாவது பந்திலேயே இறங்கி வந்து லெக் ஸ்பின்னரை சிக்ஸருக்குத் தூக்கினான். அடுத்த ஓவரில் மறுபடி தூக்கினான். பந்து செங்குத்தாக எழும்பி, ஓடி வந்த ஃபீல்டரின் விரல் நுனியில் பட்டு விழுந்தது. நான் அவனருகே போனேன்.

"மபேனா மேல உட்கார்ந்திருக்காருன்னுதானே அப்படி ஆடுறே?"

"ஆமாண்ணே."

"நீ போனா உனக்கப்புறம் பௌலருங்கதான்டா இருக்காங்க."

அவன் கையுறையைக் கழற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு பந்து தரையை விட்டு எழவே இல்லை. தட்டி ஒன்று, ஒதுக்கி ஒன்று. ஹராரேவின் விக்கெட் கீப்பர் ருவரஷேவுக்கு வாய் சும்மா இருக்காது.

"தம்பி, மபேனா சார் தூங்கிட்டாரு. ஒரு சிக்ஸ் அடிச்சு எழுப்பி விடேன்."

மெலூசி அடுத்த பந்தையும் தட்டிவிட்டு ஓடினான்.

"இப்படித் தட்டிக்கிட்டே இருந்தா அவர் கிளம்பிடுவாருப்பா. நமீபியாவுக்கு எங்க ஊர்ப் பையன் போவான்."

மெலூசியின் தாடை இறுகியதைப் பார்த்தேன். இப்போது தூக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அந்தப் பந்தைக் காலடியில் அமுக்கினான்.

187 வரை வந்துவிட்டோம். அப்போது நான் டீப் மிட்விக்கெட் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு ரன் முடித்து, இரண்டாவதுக்குக் கத்திக்கொண்டே திரும்பினேன். "வேணாம்ணே, வேணாம்" என்று கையை உயர்த்தினான். பாதி தூரம் வந்திருந்தேன். நான் திரும்பி ஓடுவதற்குள் ஸ்டம்ப் சிதறியது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படியேறும்போது கோல்மன், "அந்த ஃபீல்டர் கைக்குப் பந்து அதுக்குள்ள வந்துட்டதைப் பார்த்தியா?" என்றார். "பார்க்கல." "பையன் பார்த்துட்டான். நீ கூப்பிட்டேன்னு அவன் ஓடியிருந்தா அவன் அவுட்." மட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, காலில் பேடுடனேயே உட்கார்ந்தேன்.

பௌலர்களை வைத்துக்கொண்டு மெலூசி ஓட்டினான். இன்னும் இரண்டு பேர் போனார்கள். கடைசி ஓவருக்கு ஏழு ரன் வேண்டும். அவன் கையில்தான் மட்டை. முதல் பந்தில் இரண்டு. அடுத்தது மட்டையில் படவே இல்லை. ஹராரேக்காரர்கள் பலரும் எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டார்கள், தூக்கத்தான் போகிறான் என்று. அவன் மெதுவாகத் தள்ளிவிட்டு இரண்டு ஓடினான். நான்காவது பந்து கொஞ்சம் முன்னால் விழுந்தது. இரண்டு பேருக்கு நடுவே தரையோடு தரையாகப் போய்க் கோட்டைத் தாண்டியது.

கூச்சல் அடங்கியதும் மபேனா கீழே வந்தார். எனக்குக் கை கொடுத்தார்.

"நல்லா ஜெயிச்சீங்க. ஆனா நான் தேடி வந்தது இது இல்லையே, வுசா. ஒரே ஒரு சிக்ஸ்."

"அவன் அடிச்சிருந்தா நாங்க தோத்திருப்போம் சார்."

"இருக்கலாம். எனக்குக் கடைசி பத்து ஓவர்ல வெளுக்கிறவன் வேணும். இப்படித் தட்டி ஆடுறதுக்கு என்கிட்ட ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க."

இதையெல்லாம் மெலூசியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உடை மாற்றும் அறையில் மூலையில் உட்கார்ந்து, தட்டில் இருந்த இஸிட்ஷ்வாலாக் களியை உருட்டிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடித்ததும் கேட்டான்.

"இன்னும் ரெண்டு தூக்கியிருந்தா நமீபியா போயிருப்பேன், இல்லண்ணே?"

"போயிருப்ப."

"கேட்ச்ல மாட்டியிருந்தா?"

"டூரும் போயிருக்கும், மேட்சும் போயிருக்கும்."

அவன் களியை உருட்டுவதை நிறுத்தினான். கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி பேடின் வாரை அவிழ்த்தேன். அதற்குள் கோல்மன் கதவருகே வந்து நின்றார்.

"ஃபைனலுக்கும் இவன் ஆறாவதுதான். அதுல தகராறு வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மெலூசி அவர் போன திசையையே பார்த்தான். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, "நீங்க இன்னும் சாப்பிடலயேண்ணே" என்றான்.