ரங்கெலைச் சாகவிடாத ஒன்பது நாள்

ரங்கெல் ஒரு சனிக்கிழமை காலை, காய்ந்த தக்காளிச் செடிகளுக்கு ஊன்றியிருந்த குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது செத்துப்போனான். அக்டோபர் முதல் வாரம். பாதிக் குச்சிகளை அவன் பிடுங்கியிருந்தான், மீதியைப் பக்கத்து வீட்டுக்காரனான நான் பிடுங்கினேன். இனிமேல் நான் சொல்வதில் எதை நீங்கள் நம்பாவிட்டாலும் இதையாவது நம்புங்கள்.

செவ்தா அவனோடு முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவள். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. பதிவு செய்ய வருஷா வருஷம் நாள் குறிப்பார்கள். அன்றைக்கென்று பார்த்து செர்ரி பழுத்துவிடும், இல்லையென்றால் பன்றி குட்டி போட்டுவிடும். உயிலும் கிடையாது. கேட்டால், "நான் எங்கய்யா போகப் போறேன்?" என்பான்.

சட்டப்படி அவனுக்கு இருந்த ஒரே வாரிசு வார்னாவில் இருக்கும் தம்பி வெல்கோ. வேலி மேல் படர்ந்த திராட்சைக் கொடி யாருக்குச் சொந்தம் என்று சண்டை போட்டு, அண்ணனும் தம்பியும் பதினெட்டு வருஷமாகப் பேசவில்லை. கொடி பட்டுப்போயே பதினைந்து வருஷம் ஆகிறது. வீடு வெல்கோவுக்குப் போய்விடும் என்பது செவ்தாவுக்குத் தெரியும். அதற்கு அவள் அழவில்லை.

அவள் கேட்டது வங்கியில் ரங்கெல் பெயரில் கிடந்த எட்டாயிரம் லெவாவை. அது அவள் பணம், அம்மா விட்டுப்போன வால்நட் தோப்பை விற்றது. அக்காள் மகன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவளுடைய கணக்கு முடங்கிக் கிடந்ததால், ரங்கெலின் கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். கீழ்த்தெருவில் பென்யூ வாத்தியாரின் இரண்டு அறை வீடு ஒன்று காலியாக இருந்தது. எட்டாயிரத்துக்குத் தருகிறேன், இந்த மாதம் இருபத்தாறாம் தேதி திமித்ரி திருநாளுக்குள் பணம் வர வேண்டும் என்றார் வாத்தியார். அதற்கு மூன்று வாரம்கூட இல்லை.

ரங்கெலின் கார்டு செவ்தாவிடம் இருந்தது, இரகசிய எண்ணும் தெரியும். ஆனால் இயந்திரம் ஒரு நாளைக்கு நானூறுக்கு மேல் கக்காது. ஆக, இருபது நாளைக்கு ரங்கெல் செத்தது வங்கிக்குத் தெரியக்கூடாது. நகராட்சியின் இறப்புக் காகிதம் தலைநகரம் போய் வங்கிக் கணினிக்குத் திரும்பி வர ஒரு மாதம் ஆகும். அது நடந்தே போய் நடந்தே வருகிறது. எங்கள் பயமெல்லாம் அல்பேனாவைப் பற்றித்தான்.

அல்பேனா எங்கள் ஊர்க் கிளையின் ஒரே ஊழியர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ளெவெனில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய், ஞாயிறு ஐந்து மணிப் பேருந்தில் திரும்புவாள். வாரநாட்களில் காலையில் காப்பியோடு சதுக்கத்து மரத்தடியில் நின்று, அதில் ஒட்டியிருக்கும் இறப்பு அறிவிப்புகளை ஒன்று விடாமல் படிப்பாள். எட்டரைக்கு உள்ளே போய், செத்தவர்களின் கணக்குகளைப் பூட்டுவாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. வேலையை ஒழுங்காகச் செய்கிறவள், அதுதான் கஷ்டம்.

அவள் வருவதற்குள், ஞாயிறு மதியமே அடக்கத்தை முடித்தோம். ரங்கெல் செத்தது அல்பேனா காதில் விழக்கூடாது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அன்றே செவ்தா முதல் நானூறை எடுத்தாள். ஆனால் ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஒரு தாள்கூட ஒட்டாம இருக்கேன் அண்ணே. செத்த நாய்க்குக்கூட யாராவது ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க."

அதனால் அச்சகத்தில் பேரில்லாத அறிவிப்பு ஒன்று அடித்தோம். 'நம் அனைவருக்கும் தெரிந்தவர் நம்மை விட்டுப் பிரிந்தார்.' படமும் இருந்தது, முதுகுப் பக்கம்.

திங்கட்கிழமை அல்பேனா அதன் முன்னால் காப்பி ஆறும்வரை நின்றாள்.

"யாரு மாமா இது?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்மா."

"ரங்கெல் மாமா முதுகு மாதிரி இருக்கே."

"எங்க வயசுல எல்லாருக்கும் ஒரே முதுகுதான்."

செவ்வாய்க்கிழமை மறுபடியும் பிடித்துக்கொண்டாள். "செவ்தா அத்தை தினம் நானூறு எடுக்கிறாங்களே, எதுக்கு?"

"ரங்கெல் பல்லு கட்டுறான். ஒரு நாளைக்கு ஒரு பல்லு."

"ஒரு பல்லு நானூறா?"

"கடவாப் பல்லுமா."

புதன்கிழமை அவனை வெந்நீர் ஊற்றுக்கு முதுகுவலி வைத்தியத்துக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை அவன் சிகரெட்டை விட்டான். அதற்குள் ஊர் என் கையை மீறிப் போய்விட்டது. கறிக்கடைக்காரன், ரங்கெல் காலையில்தான் வந்து எடை குறைவு என்று கத்திவிட்டுப் போனதாகச் சொன்னான். தபால்காரன் அவனைப் புது மீசையோடு பார்த்தானாம். வெள்ளிக்கிழமை என் மனைவியே என்னிடம், "அந்த ரங்கெல் நம்ம ஏணிய வாங்கிட்டுப் போயி இன்னும் தரல பாருங்க" என்றாள். உயிரோடிருந்தபோது அவனுக்கு இத்தனை சுறுசுறுப்பு இருந்ததே இல்லை.

செவ்தாதான் மெலிந்துகொண்டே போனாள். துக்கம் கேட்க யாரும் போக முடியாது. கறுப்பு உடுத்த முடியாது. வங்கி முன்னால் போகும்போது கொஞ்சம் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. சர்க்கரையும் வால்நட்டும் கலந்த அவித்த கோதுமையைக் கிண்ணம் கிண்ணமாகக் கல்லறைத் தோட்டத்தில் கொடுத்தாள். வாங்கியவர்கள் தாழ்ந்த குரலில், "ரங்கெலை ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். ஒரே ஒரு கிண்ணம் மீந்தது. அதை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது. பேருந்து நிறுத்தத்தில் யாராவது இருப்பார்கள் என்று போனோம், ஐந்து மணிக்குள் திரும்பிவிடலாம் என்ற கணக்கில்.

ஐந்து மணிப் பேருந்து அன்று நாலே முக்காலுக்கு வந்தது. நாற்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அல்பேனா ஒருத்திதான் இறங்கினாள். செவ்தாவின் கை தன்னால் நீண்டுவிட்டது. அல்பேனா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். செத்தவருக்காகக் கொடுப்பதை யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.

"யாருக்கு அத்தை?"

நான் குறுக்கே புகுந்தேன். "என் மாமியாருக்கு. யோவ்கா. வருஷ திதி."

"யோவ்காம்மாவை..." என்று அல்பேனா வாயெடுத்தாள்.

"நில்லு," என்றாள் செவ்தா.

நான் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். தட்டிவிட்டாள்.

"அவருக்கு உங்க மாமியாரைக் கண்டாலே ஆகாது அண்ணே. அவரு சோத்தை அந்தம்மாவுக்குத் தூக்கிக் குடுக்கிறீங்களே." அல்பேனாவின் பக்கம் திரும்பினாள். "ரங்கெல். அவரு பேரைச் சொல்லிச் சாப்பிடு. இன்னைக்கு ஒன்பதாம் நாள்."

அல்பேனா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அந்தப் பல்லு?" என்று என்னிடம் கேட்டாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ரங்கெல் மாமாவை ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்று சொல்லி, நின்றபடியே கடைசிக் கோதுமை மணி வரை சாப்பிட்டாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு எட்டரைக்கு பேங்க் திறப்பேன் அத்தை. எட்டரைக்கு முன்னாடி நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்."

விடிந்ததும் போய் ஒன்பதாவது நானூறை எடுத்தோம். இன்னொரு நானூறு கேட்டுப் பார்த்தோம், இயந்திரம் தரவில்லை. எட்டு முப்பத்தொன்றுக்குக் கணக்கு பூட்டப்பட்டது. வந்தது மூவாயிரத்து அறுநூறு.

வெல்கோ வாரிசுச் சான்றிதழோடு அடுத்த வியாழக்கிழமை வந்தான். வங்கியில் பத்து நிமிஷ வேலை. வாசலில் அவனைப் பிடித்தேன்.

"அது அவ பணம் வெல்கோ. ஊருக்கே தெரியும்."

"எழுதி வெச்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப ஊரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லு. அவ எடுத்ததை நான் திருப்பிக் கேக்கலயே, அதுக்கு ஒரு கும்பிடு போடச் சொல்லு." நாலாயிரத்து நானூறைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். திமித்ரி திருநாளன்று வீட்டுப் பூட்டை மாற்றினான்.

பென்யூ வாத்தியார் கணக்கில் நியாயமானவர். "எட்டாயிரத்துக்கு ரெண்டு ரூம்னா ஒண்ணு நாலாயிரம். உனக்காக நானூறு விட்டுத் தரேன்மா" என்றார். ஒரு அறையை எழுதிக் கொடுத்தார். இன்னொன்றில் தன் சோளத்தைக் கொட்டிப் பூட்டிவிட்டார். வீட்டு வாசல் சோளம் இருக்கும் அறையில் இருக்கிறது. நடுச்சுவர்க் கதவையும் அந்தப் பக்கமிருந்து பூட்டிவிட்டார். வெளிச்சுவரில் புதுக் கதவு வைக்கலாமென்றால் மண் சுவர், இடித்தால் கூரையும் வந்துவிடும். செவ்தா அறுபத்தெட்டு வயதில் ஜன்னல் வழியாகப் போய் வருகிறாள். வெளியில் இரண்டு மரப்படி அடித்துக் கொடுத்தேன்.

புகைபோக்கியும் சோளம் கிடக்கும் அறையில்தான். இவளுக்கு அடுப்பு வைக்க வழியில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று என் மனைவி மூன்று தடவை போய்க் கூப்பிட்டாள். "என் பேர்ல இருக்கிற ரூம் அக்கா இது" என்றாளாம்.

பனி இப்போது இரண்டாவது படி வரை ஏறிவிட்டது. நேற்று நாலு செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். ஜன்னலை ஒரு சாண் திறந்து, ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, குளிர் உள்ளே வருகிறது என்று சட்டென்று சாத்தினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளேயும் அவள் மூச்சு புகையாகத்தான் வந்துகொண்டிருந்தது.