ஒருமனதாக ‘சி’

சாவு மனிதர் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது என்று பாதிரியார் பீடத்திலிருந்து முழங்கினார். முன்வரிசையில் நின்ற ஒத்தோரினோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. கோட்டுக்குள் கைவிட்டு, நழுவிய கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

கால்சட்டை தம்பி ஜெலிந்தோவுடையது. சவப்பெட்டிக்குள் தம்பி போட்டிருந்த கறுப்பு சூட்டு அண்ணனுடையது. தம்பி மனைவி இனேஸ் நேற்று வந்து கேட்டாள்.

“அத்தான், அவர் இளைச்ச இளைப்புக்கு அவரோட சூட்டு தொளதொளங்குது. உங்களோடதைக் குடுங்க. கால்சட்டையைத் தாங்குற தோள்பட்டை வாரையும் சேர்த்து.”

“நான் எதைப் போட்டுக்கிறது?”

“அவரோடதைப் போட்டுக்குங்க. உங்கள யாரு பாக்கப்போறா?”

வாழ்நாள் முழுக்க அதுதான் வழக்கம். குண்டு உருட்டி ஆடும் ஊர் உருண்டையாட்டச் சங்கத்துக்குத் தம்பியை ஒருமனதாகத் தலைவராக்கினார்கள். ஒத்தோரினோ பொருளாளருக்கு நின்றபோது ஓட்டு சிதறிவிட்டது. கணையத்தில் கட்டி வந்ததில் மட்டும்தான் அவர் தம்பியை முந்தினார். வசந்தத்தில் நகரத்து ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். தைத்த இடம் ஒழுகியது. விலாவில் குழாயும் பையுமாக ஊர் திரும்பினார். ஒயின் கடையில் சட்டையைத் தூக்கிக் காட்டினால் சீட்டாட்டம் நின்றுவிடும். நல்ல கோடைகாலம் அது.

திராட்சை அறுவடைக்குள் தம்பிக்கும் அதே கட்டி, அதே கத்தி, அதே ஒழுகல். ஆனால் ஒழுகலுக்கு டாக்டர்கள் தரம் போடுவார்களாம். ஒத்தோரினோவுக்கு ‘பி’. தம்பிக்கு ‘சி’, மோசத்தில் அதற்கு மேல் கிடையாது. கோயிலுக்குள் பின்வரிசை வரை “‘சி’யாம், ‘சி’யாம்” என்று முணுமுணுப்பு ஓடியது.

பூசை முடிந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து மரியாதைக்கு வந்திருந்த இளம் சர்ஜன் பெர்லந்தாவை ஒத்தோரினோ வாசலில் மடக்கினார்.

“டாக்டரம்மா, எனக்கும்தான் ஒழுகிச்சு. என்னையும்தான் மறுபடி தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போனீங்க. எனக்கு மட்டும் ஏன் ‘பி’?”

“இப்ப எதுக்கு ஐயா அது?”

“இப்பவே சொல்லுங்க.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “எல்லாரும் ஒரே மாதிரிதான் தரம் போடறோமான்னு பாக்க, பேரை மறைச்சு உங்க கேஸை அஞ்சு சர்ஜன்கிட்ட குடுத்தோம். ரெண்டு பேர் ‘சி’ன்னாங்க. ரெண்டு பேர் ‘பி’.”

“அஞ்சாவது ஆளு?”

“‘ஏ’.”

“அப்படின்னா?”

“அதை இப்பல்லாம் சிக்கல்னே சேர்க்கறதில்ல.”

“எந்தப் பய அவன்?”

“எங்க தலைமை சர்ஜன்.”

ஒத்தோரினோ கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “தம்பியோடதைக் குடுத்தா?”

“அஞ்சு பேரும் ‘சி’ன்னுதான் சொல்வாங்க. ஆள் இறந்துட்டா யாருக்கும் சந்தேகம் வர்றதில்லையே.”

“ஒருமனதா,” என்றார் ஒத்தோரினோ.

சங்கத்து ஆட்கள் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்கள். அவர் ஒருவனை விலக்கிவிட்டு முன்மூலையில் போய் நின்றார்.

“அத்தான், வேணாம்! வயித்துல தையல்!” இனேஸ் கத்தினாள்.

“எனக்கு ‘ஏ’. தலைமை சர்ஜனே சொல்லிட்டாரு.”

தூக்கினார். சின்ன வயதில் மல்யுத்தத்தில் தம்பியை ஒருமுறைகூட அவரால் தரையிலிருந்து கிளப்ப முடிந்ததில்லை. பெட்டி இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

சரளைப் பாதையில் பாதி தூரம் போனதும் கால்சட்டை இடுப்பை விட்டது.

“பெட்டியை விடுங்க அண்ணே, நான் பிடிச்சுக்கிறேன்,” என்று பக்கத்தில் வந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

ஒத்தோரினோ விடவில்லை. பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குட்டி அடிகளாக வைத்துக் கல்லறை வாசல் வரை நடந்தார். பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது.

கால்சட்டைக்குள் போட்டிருந்த டிராயர் அவருடைய சொந்தம்தான். பின்பக்கம் கிழிந்திருந்தது.